14. ஜெப்ஸி போட்ட சத்தம்

போன வாரம் மனுவேலை நாம் விட்டுவிட்டு வந்தபோது அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த கடிதம். சனிக்கிழமை காலை அடுப்பில் இட்லி வேகுவதற்குள் அதை ஆறு தடவை பிரித்துப் படித்துவிட்டார். ஆறு தடவையும் அதே நான்கு வரிகள்தான். இன்னொரு தடவை படித்தால் எழுத்து மாறியிருக்கும் என்று நம்புகிற ஆள் நம் மனுவேல்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உடல் பரிசோதனை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் அந்த ஒப்பந்தக் கம்பெனியில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். பழைய டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்த வருஷம் புது டாக்டர், புது மெஷின். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்களாம். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டுமாம். கடிதத்தின் கீழே கையெழுத்து: டாக்டர் செந்தில்வேல்.

மனுவேலுக்கு இடது காது அறவே கிடையாது. வலது காது இருக்கிறது என்று பேர். இந்த ரகசியம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அவர், மனைவி ஜெனிட்டா, மகள் ஜெப்ஸி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சங்கு குளித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல் ஆழத்தில் ஒரு நாள் இடது காதுக்குள் ஏதோ பட்டென்று விட்டது. மேலே வந்தபோது காதிலிருந்து ரத்தம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சங்கு எடுக்கப் போய்ச் செவிடானவனுக்கு எவனும் பழமொழி கட்டவில்லை.

அதன்பிறகு கிரேன் சிக்னல்மேன் வேலை. உயரத்தில் இருக்கிற ஆபரேட்டருக்குக் கீழே நின்று கையால் ஜாடை காட்ட வேண்டும். கைதானே பேசுகிறது, காதுக்கு இதில் என்ன வேலை என்று மனுவேல் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். ஆனால் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் கேட்காத மனிதனை எந்தக் கம்பெனி கிரேனுக்குக் கீழே நிறுத்தும்? விஷயம் தெரிந்தால் வேலை போகும். அது அவருக்கும் தெரியும்.

அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு. சங்கு குளிக்கிறவனுக்கும் படகில் கயிறு பிடிக்கிறவனுக்கும் நடுவே பேச்சே கிடையாது, இழுப்புதான். ஒரு இழுப்பு என்றால் சரி. இரண்டு இழுப்பு என்றால் ஆபத்து, மேலே வா. அதையே ஜெனிட்டா கரைக்குக் கொண்டு வந்துவிட்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் புருஷனுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். சட்டை நுனியை ஒரு தடவை இழுத்தால் அவர் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் நைசாக நழுவிவிட வேண்டும். எட்டு வருஷமாகக் கல்யாண வீடு, துட்டி வீடு, கோயில், கம்பெனி என்று எல்லா இடத்திலும் இந்தக் கயிறு அறுந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஜெப்ஸி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. அன்றைக்கு அவளுக்கு மாவட்ட டென்னிஸ் இறுதிப் போட்டி. ஜெயித்தால் மாநில அணி. மாநில அணிக்குப் போய்விட்டால் சென்னையில் ஒரு கல்லூரி இடமும் தருகிறோம், ஃபீஸும் வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

ஜெனிட்டா புருஷனின் வலது பக்கம் வந்து நின்றாள். "இங்கருங்க, நேத்து இவகிட்ட தோத்த பிள்ள எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காளாம். இவ போடுத சத்தத்துல பந்து எங்கன வருதுன்னே தெரியலயாம்."

"என்ன சத்தம்?"

"பந்த அடிக்கும்போது போடுதாள்லா, அந்தச் சத்தம்தான்."

"அது ஒரு சத்தமா? லேசா 'ஹா'ங்கா. மூச்சு விடுதா. பிள்ள மூச்சு விட்டதுக்கு ஒரு புகாரா?"

ஜெனிட்டா மகளைப் பார்த்தாள். மகள் ஷூவைப் பார்த்தாள்.

மனுவேலுக்கு இது கொஞ்ச நாளாகவே பிடிபடாத சங்கதி. எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு தடவை, "ஒம் மக பிராக்டீஸ் பண்ணினா ஹார்பருக்கு வார கப்பலு கொழும்புக்குத் திரும்பிரும் போலுக்கே" என்றார். கேலி என்று நினைத்து மனுவேலும் சிரித்தார். பள்ளிக்கூட மாஸ்டர் ஒரு நாள் அவளைச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டார். மாஸ்டருக்குத்தான் காதில் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஏளா, ஒண்ணுக்கும் பயப்படாத. நீ எப்பவும்போல ஆடு," என்றார்.

ஜெப்ஸி நிமிர்ந்து, அவருக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து, "நீங்க எங்கன இருப்பீய?" என்று கேட்டாள்.

"முதல் வரிசைல."

"அப்ப சரி."

கடற்கரைச் சாலையில் கிளப்பின் மண் கோர்ட். ஆடி மாதக் கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து செம்மண்ணை அள்ளிக் கடல் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வரிசை. கோர்ட் ஓரத்தில் ஒரு பூவரச மரமும் அதில் பத்துப் பதினைந்து காகங்களும்.

சந்தன நிறச் சட்டை போட்ட ஒருவர் நேரே மனுவேலிடம் வந்து கையை நீட்டினார். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியதால் உதடு தெளிவாகத் தெரிந்தது.

"வணக்கம் சார். இன்னிக்கு உங்க பொண்ணோட ஆடப்போற நிவாஷினி என் பொண்ணுதான். நான் டாக்டர் செந்தில்வேல்."

மனுவேல் உதட்டை நம்புவதா வேண்டாமா என்று யோசித்தார். சட்டை நுனியைப் பிடித்திருந்த ஜெனிட்டாவின் விரல்கள் இறுகின. உதடு பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"ஹார்பர்லங்க. கிரேன் சிக்னல்மேன்."

"சரக்கு இறக்குற கம்பெனியா? அட, அப்ப திங்கக்கிழமை என்கிட்டதான் வரப்போறீங்க!" டாக்டர் சத்தமாகச் சிரித்தார். மனுவேலும் சிரித்தார். சட்டைப் பைக்குள் கடிதம் அந்தச் சிரிப்பில் குலுங்கியது.

நாற்காலி விஷயத்தில் மனுவேல் எப்போதும் உஷாரான ஆள். இடது பக்கம் சுவரோ தூணோ இருக்கிற மாதிரி பார்த்துத்தான் உட்காருவார். அன்றைக்குக் கலவரத்தில் பிசகிவிட்டது. வலது பக்கம் ஜெனிட்டா உட்கார்ந்தாள். இடது பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியில் டாக்டர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

அம்பயர் சரண்யாதேவி உயர நாற்காலியில் ஏறினாள். ஆட்டம் தொடங்கியது.

முதல் செட்டில் ஜெப்ஸி ஆடிய ஆட்டம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கும்போது அவள் வாய் திறந்தது. மனுவேலின் வலது காதில் மெல்லியதாக ஒரு ஹா. தூரத்தில் யாரோ இன்னொருவரைக் கூப்பிடுகிற மாதிரி, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. அவள் சர்வீஸ் போடும்போதெல்லாம் பூவரச மரத்துக் காகங்கள் மொத்தமாக எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தன. மறுபடி சர்வீஸ், மறுபடி ஒரு வட்டம். முன் வரிசையில் ஒரு அம்மாள் காதில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். காற்றுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறுக்கு மூன்று. முதல் செட் ஜெப்ஸிக்கு.

இடைவேளையில் நிவாஷினி வலைக்குப் பக்கத்தில் நின்று அம்பயரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். சரண்யாதேவி இல்லை என்று தலையசைத்தாள். அப்போது டாக்டர் மனுவேலின் பக்கம் சாய்ந்து பேச ஆரம்பித்தார். இடது பக்கம். மனுவேல் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருந்தது. மீதிப் பாதியை டாக்டர் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தெரிந்ததெல்லாம் ஒரு கன்னமும் மீசையின் ஓரமும்தான்.

சட்டை நுனியில் ஒரு இழுப்பு.

மனுவேல் தலையாட்டினார். "சரிங்க சார். தாராளமா," என்றும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் முகம் மலர அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்து அம்பயரிடம் போனார். சரண்யாதேவி காது கொடுத்துக் கேட்டாள். பிறகு ஜெப்ஸியை அழைத்துக் குனிந்து ஏதோ சொன்னாள்.

ஜெப்ஸி சட்டென்று திரும்பி முதல் வரிசையைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் அந்த முகம் என்னவோ போல் ஆனது மனுவேலுக்குத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. பிள்ளை பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டி ஒரு சிரிப்பும் சிரித்தார்.

ஜெப்ஸி தலையைக் குனிந்துகொண்டு கோர்ட்டின் மறுபக்கம் போனாள்.

இரண்டாவது செட்டில் ஆடியது வேறு ஜெப்ஸி. கையும் காலும் அவளுடையதுதான். வாய் மட்டும் பூட்டிக் கிடந்தது. உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு அடித்தாள். பந்து வலையில் விழுந்தது. அடுத்தது கோட்டுக்கு வெளியே போனது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. அந்த முகத்தை மனுவேலுக்கு நன்றாகத் தெரியும். காற்று தீர்ந்துபோன பிறகும் மேலே வராமல் கீழேயே கிடந்து சங்கு தேடுகிறவனின் முகம் அது.

"ஏன் மூச்ச அடக்குதா?" என்று ஜெனிட்டாவைக் கேட்டார்.

நாலு கேம் போனதும் ஜெனிட்டாவுக்கே பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "பின்னால தள்ளி நின்னு ஆடுளா!" என்று கத்திவிட்டாள்.

சரண்யாதேவி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கம் நேராகத் திரும்பினாள். உதடு தெளிவாகத் தெரிந்தது. "வெளியில இருந்து சொல்லிக் குடுக்கக் கூடாது. வாயாலயும் கூடாது, சைகையாலயும் கூடாது. இது முதல் எச்சரிக்கை. இன்னொரு தடவை நடந்தா ஜெப்ஸிக்கு ஒரு கேம் போயிடும்."

ஜெனிட்டா உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது செட் ஒன்றுக்கு ஆறு. மூன்றாவது செட்டிலும் அதே கதைதான். ஒன்றுக்கு மூன்று ஆனது. அடுத்த கேமில் டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிழலில் நிற்பதற்காக எழுந்து போனார்.

"ஜெனிட்டா. அந்தாளு அப்ப எங்கிட்ட என்ன கேட்டாரு?"

செவிடனிடம் ரகசியம் பேசுவது கஷ்டம். ஆனால் இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு வழி தெரியும். ஜெனிட்டா அவர் முகத்துக்கு நேரே திரும்பி, குரலே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

"ஒங்க பொண்ணு சத்தத்தக் குறைச்சா ரெண்டு பிள்ளைகளுக்கும் நல்லது, நீங்க சரின்னா மேடத்துகிட்ட சொல்லிருதேன்னு கேட்டாரு. நீங்க சரின்னு தலையாட்டினீய."

"நானா?"

"நான் இழுத்தேன். நீங்க ஆட்டினீய."

"அந்த மேடம் அவகிட்ட என்ன சொல்லிச்சு?"

"விதிப்படி நான் தடுக்க முடியாது, ஆனா ஒங்க அப்பா சத்தம் போட வேண்டாம்னு சொல்லுதாருன்னு. இங்கன வரைக்கும் கேட்டுச்சு."

மனுவேல் திகைத்துப்போனார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தது. சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

"ஏன் இழுத்த?" குரல் அவரை மீறி வந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெனிட்டாவின் கண்கள் கலங்கின. "திங்கக்கிழமை நம்ம சோறு அந்தாளு கைலலா இருக்கு. அவருகிட்ட இல்லன்னு சொல்லச் சொல்லுதீயளா? ஒரு மணி நேரம் வாய மூடிக்கிட்டு ஆடினா பிள்ளைக்கு என்ன கொறஞ்சிரும்னு நெனச்சேன். இப்பிடி ஆவும்னு தெரியாதுங்க."

"படகுல கயிறு பிடிக்குதவன் அவன் இஷ்டத்துக்கு ஒரு இழுப்பு இழுக்கலாமாளா? கீழ கெடக்குதவன் அத நம்பித்தான கெடக்கான்? எட்டு வருசமா நீ இழுத்ததுக்கெல்லாம் ஆட்டுனேன். என்ன ஏதுன்னு ஒரு நாளு கேட்டிருப்பனா? இனிமே என் சட்டைல கை வைக்காத."

ஜெனிட்டா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கோர்ட்டில் ஒன்றுக்கு நான்கு. ஆட்டக்காரிகள் இடம் மாறுகிற இடைவேளை. ஜெப்ஸி பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். மனுவேல் காகங்களைப் பார்த்தார். காகங்கள் ஒரு மணி நேரமாக மரத்தை விட்டு அசையவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

காது போன புதிதில் அவருக்கு ஆறு மாதம் வேலை இல்லை. இதே கிளப்பில்தான் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுத்துக்கொண்டிருந்தார். கூடவே வந்த ஒன்பது வயது ஜெப்ஸி, யாரோ விட்டுப்போன மட்டையை எடுத்துச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவள் அடித்த பந்து குனிந்திருந்த அவர் பிடரியில் வந்து விழுந்தது. பிள்ளை அழுதுவிட்டாள். அழாதளா, அடிக்கும்போது ஒரு சத்தம் குடு, நான் வெலகிக்கிடுதேன் என்று அவர்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் சத்தம் கொடுத்தாள். கேட்காவிட்டால் அவர் வலது காதில் கையைக் குவித்துக் காட்டுவார். இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வருஷம் இன்னும்.

மகளின் சத்தம் எட்டு வருஷமும் ஒரே அளவில்தான் இருக்கிறது என்று மனுவேல் நினைத்துக்கொண்டிருந்தார். இந்த வலது காது வருஷா வருஷம் எவ்வளவு இறங்கியதோ, அவள் அவ்வளவு ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். அவருக்கு லேசாக ஒரு ஹா கேட்பதற்காக ஊரெல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறது. காலையில் நீங்க எங்கன இருப்பீய என்று கேட்டாளே, அதற்குத்தான்.

அந்த அப்பாதான் இன்றைக்கு அவளை வாயை மூடச் சொல்லியிருக்கிறார். அதையும் சிரித்துக்கொண்டே.

வேலையா, மகளா என்றெல்லாம் கணக்குப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. எழுந்து நின்றார். ஜெப்ஸி துண்டை எடுத்து நிமிர்ந்தபோது, வலது கையைக் குவித்து வலது காதுக்குப் பின்னால் வைத்தார்.

ஜெப்ஸி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கோட்டில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டாள். மரத்துக் காகங்கள் மொத்தமாக எழுந்தன.

இரண்டுக்கு நான்கு. மூன்றுக்கு நான்கு. நான்குக்கு நான்கு. மனுவேல் உட்காரவே இல்லை, கையையும் எடுக்கவில்லை. ஐந்துக்கு நான்கு என்று ஜெப்ஸி முந்தியபோது டாக்டர் அம்பயரின் நாற்காலிக்குக் கீழே போய் நின்று முதல் வரிசையைச் சுட்டிக் காட்டினார்.

சரண்யாதேவி இறங்கி நேரே வந்தாள். பின்னாலேயே டாக்டரும்.

"சார், நீங்க காதுல கை வச்ச பிறகுதான் உங்க பொண்ணு மறுபடி சத்தம் போட ஆரம்பிச்சிருக்கு. அது சைகையா? சைகைன்னா ஒரு கேம் போயிடும். அஞ்சுக்கு அஞ்சு."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கோர்ட்டுக்குள் ஜெப்ஸி மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெனிட்டாவின் கை மடியில்தான் கிடந்தது. டாக்டர் இரண்டடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திங்கட்கிழமையைச் சனிக்கிழமைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அது சைகைதானா? மனுவேலுக்கே தெரியவில்லை. கேட்கவில்லை என்றால் காதில் கை வைப்பது பொய்யா? மகள் பார்க்கட்டும் என்று வைத்தது நிஜமா? இரண்டும்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"எனக்குக் காது கேக்காதும்மா," என்றார். "இடது காது செத்துட்டு. வலதும் போய்க்கிட்டிருக்கு. எம்மக சத்தம் கேக்கல. அதான் கை வச்சேன்."

சரண்யாதேவி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த ஸ்கோர் அட்டையைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டாள்.

அட்டைக்கு மேலே இரண்டு கண்கள். அட்டை லேசாக அசைந்தது, நின்றது. ஏதோ கேட்டிருக்கிறாள். எல்லோரும் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மனுவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்த முகத்திலும் பதில் இல்லை. அமுக்கப் பொத்தானும் இல்லை. வழக்கம்போலச் சட்டை நுனிக்காகக் காத்திருந்து, அதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்து, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஜெனிட்டா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

சரண்யாதேவி அட்டையை இறக்கினாள். "மன்னிச்சிடுங்க சார்," என்று உதடு தெரியச் சொன்னாள். திரும்பிப் போய் நாற்காலியில் ஏறி, ஆட்டம் தொடரட்டும் என்று கையைக் காட்டினாள்.

நிவாஷினி கடைசி வரை விடாமல்தான் ஆடினாள், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று தடவை டியூஸ் என்று சமமாகி, நாலாவது தடவைதான் முடிந்தது. ஆறுக்கு நான்கு. ஜெப்ஸி மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் வரிசையைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். கேட்டுச்சா?

மனுவேல் தலையாட்டினார். இந்தத் தடவை யாரும் இழுக்கவில்லை.

ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இடது தோளில் ஒரு கை பட்டது. சந்தன நிறச் சட்டை. திரும்புவதற்குள் டாக்டர் அந்தப் பக்கமாகவே குனிந்து ஏதோ சொல்லி முடித்துவிட்டார். மனுவேல் கண்டதெல்லாம் அவர் தன் மகளின் தோளில் கைபோட்டு வாசலைப் பார்த்து நடந்துபோகிற முதுகைத்தான்.

"ஜெனிட்டா, என்ன சொல்லிட்டுப் போறாரு?"

ஜெனிட்டாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அது நல்ல சேதி கேட்ட முகமா, கெட்ட சேதி கேட்ட முகமா என்று இருபது வருஷமாக அந்த முகத்தைப் படித்தவருக்கே பிடிபடவில்லை.

"திங்கக்கிழமை வரச் சொல்லுதாரா, வர வேண்டாம்னு சொல்லுதாரா?"

அவள் உதடு அசையவில்லை. மனுவேல் தன் சட்டை நுனியைத் தானே எடுத்து அவள் கைக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டார். ஒரு இழுப்பா, இரண்டு இழுப்பா என்று காத்து நின்றார்.

ஜெனிட்டா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை.